1917இல் போரை நிறுத்தக் கேட்ட திருத்தந்தை, ஒரு வாக்கியம் எழுத மறுத்த அரசுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் உலகப் போர் மூன்றாண்டுகளைக் கடந்தபோது, 1917 ஆகஸ்ட் 1 என்று தேதியிட்ட சமாதானக் குறிப்பு ஒன்றைக் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவரான திருத்தந்தை (போப்) பதினைந்தாம் பெனடிக்ட் போரிட்ட நாடுகளின் தலைவர்களுக்கு அனுப்பினார். அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனின் சமாதானத் திட்டமான பதினான்கு அம்சங்களைப் பலரும் அறிவார்கள். அவற்றுக்கு ஐந்து மாதம் முன்பே வந்த இந்தக் குறிப்பைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. அது ஏன் தோற்றது என்பதை அறிய விரும்புகிறவர்களுக்காக இந்தப் பக்கம்.

பதினைந்தாம் பெனடிக்ட் யார்?

இயற்பெயர் ஜாகொமோ டெல்லா கியேசா. 1854இல் இத்தாலியின் ஜெனோவா நகரில் பிரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். முதலில் சட்டம் படித்தார், பிறகே குருவானார். திருத்தந்தையின் தலைமை நிர்வாகமான திருப்பீடத்தின் வெளியுறவுப் பணியில் பல ஆண்டுகள் இருந்தார். அதில் சில ஆண்டுகள் மாட்ரிட்டில் கழிந்தன. 1907இல் பொலோன்யாவின் பேராயரானார், 1914 மே மாதம் கர்தினாலானார். அந்த ஜூலை இறுதியில் போர் வெடித்தது. ஆகஸ்ட் 20 அன்று பத்தாம் பயஸ் இறந்தார். செப்டம்பர் 3 அன்று டெல்லா கியேசா திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த நாடுகளின் கர்தினால்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வாக்களித்த தேர்தல் அது. தூதரக வேலை தெரிந்த ஒருவரை அவர்கள் தேர்ந்தெடுத்தது தற்செயலாக இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

நாடும் படையும் இல்லாத ஒருவரின் பேச்சை அரசுகள் ஏன் பொருட்படுத்தின?

1870இல் இத்தாலி ரோம் நகரைக் கைப்பற்றியதிலிருந்து திருத்தந்தைக்கு ஆட்சிப்பகுதி என்று எதுவும் இல்லை. வத்திக்கான் மதிலுக்குள்ளேயே வாழ்ந்தார். ஆனால் ஆஸ்திரியா, பவேரியா, பெல்ஜியம், பிரான்ஸ், இத்தாலி, போலந்து, அயர்லாந்து என்று போரின் இரு பக்கத்திலும் கோடிக்கணக்கான கத்தோலிக்கர்கள் இருந்தார்கள். எதிரியைத் திருத்தந்தை ஒரு சொல்லால் கண்டித்துவிட்டால் அது தங்களுக்குப் பெரும் பலம் என்று ஒவ்வொரு அரசும் கணக்குப் போட்டது. சமாதானத்துக்காக அவரை நாடியதைவிட, சாட்சிக்காக அவரை நாடியதே அதிகம்.

அதே நேரத்தில் முறையான உறவு பல இடங்களில் அறுந்து கிடந்தது. பிரான்ஸ் 1904இல் உறவை முறித்துக்கொண்டது. இத்தாலிய அரசோடு உறவே இல்லை. அமெரிக்காவோடும் இல்லை. பிரிட்டன் மட்டும் 1914 டிசம்பரில், பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, ஒரு தூதரை வத்திக்கானுக்கு அனுப்பியது. ஆஸ்திரியா, ஜெர்மன் பேரரசைச் சேர்ந்த பவேரியா, பிரஷ்யா ஆகியவற்றின் தூதர்கள் 1915இல் இத்தாலி போரில் இறங்கியதும் ரோமைவிட்டு சுவிட்சர்லாந்தின் லுகானோவுக்குப் போய்விட்டார்கள். எனவே பாரிஸுக்கும் வாஷிங்டனுக்கும் குறிப்பைச் சேர்ப்பிக்கும்படி லண்டனைத்தான் திருப்பீடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. போரிடும் ஒரு தரப்பின் தபால் வழியாகச் சமாதானம் பேச வேண்டிய நிலை.

1917க்கு முன்பு அவர் என்ன செய்தார்?

1914 டிசம்பரில், கிறிஸ்து பிறப்பு விழா நாளிலாவது துப்பாக்கிகள் ஓயட்டும் என்று கேட்டார். அரசுகள் மறுத்தன. ஆனால் மேற்குப் போர்முனையின் சில இடங்களில் படைவீரர்கள் தாங்களாகவே பதுங்குகுழிகளைவிட்டு வெளியே வந்து கைகுலுக்கினார்கள். அவர் வேண்டுகோளைக் கேட்டுத்தான் வந்தார்கள் என்று சொல்ல முடியாது. அவர் கேட்டது நடக்கவே முடியாத காரியமில்லை என்பது மட்டும் அதில் தெரிந்தது.

1915 செப்டம்பரில், ஆர்மீனியர்கள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தபோது, ஒட்டோமான் சுல்தான் ஐந்தாம் மெஹ்மத்துக்குத் தம் கைப்பட எழுதினார். கொலைகள் நிற்கவில்லை. ஆனாலும் ஓர் அரசுத் தலைவருக்கு இன்னொரு தலைவர் நேரடியாக எழுதி, இதை நிறுத்துங்கள் என்று கேட்டது அந்த ஆண்டில் அரிதாக நடந்த காரியம்.

அவருடைய உழைப்புக்குப் பலன் கிடைத்த இடம் கைதிகள் விவகாரம். காணாமல்போன வீரர்களைத் தேடும் அலுவலகம் ஒன்றை வத்திக்கான் நடத்தியது. நோயுற்ற, காயமடைந்த கைதிகளை நடுநிலை நாடான சுவிட்சர்லாந்தில் தங்கவைக்க இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. சுமார் 8 கோடியே 20 லட்சம் லீரா நிவாரணத்துக்குச் செலவானதாகக் கணக்கிடுகிறார்கள். அவர் இறந்தபோது கருவூலம் ஏறக்குறையக் காலி.

குறிப்பு அனுப்ப 1917ஐ ஏன் தேர்ந்தெடுத்தார்?

எல்லோரும் களைத்துப்போயிருந்தார்கள். மார்ச் மாதம் ரஷ்யாவில் ஜார் மன்னர் வீழ்ந்தார். பிரெஞ்சுப் படையில் பல பிரிவுகள் தாக்குதலுக்குப் போக மறுத்தன. ஆஸ்திரியாவின் புதிய பேரரசர் கார்ல், தம் மைத்துனர் சிக்ஸ்டஸ் மூலம் பிரான்ஸோடு இரகசியமாகப் பேசிப் பார்த்தார். ஜூலை 19 அன்று ஜெர்மன் நாடாளுமன்றம், நாடு பிடிக்காத சமாதானம் வேண்டும் என்ற தீர்மானத்தை 212க்கு 126 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. அதற்காக முன்நின்றவர் கத்தோலிக்க மையக் கட்சியின் மத்தியாஸ் எர்ஸ்பெர்கர். இவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கம், ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கிவிட்டது. அந்தப் படைகள் ஐரோப்பாவை வந்தடைந்தால் ஒரு தரப்பு முழு வெற்றியை நம்பத் தொடங்கும், அதன்பின் பேச்சுக்கு இடமிருக்காது. எனவே காலம் குறுகலாகத்தான் இருந்தது.

குறிப்பை அனுப்பும் முன் அரசுகளிடம் நாடி பிடித்துப் பார்த்தாரா?

பார்த்தார், மிகக் கவனமாக. 1917 மே மாதம் யூஜெனியோ பச்செல்லியை ஆயராகத் திருநிலைப்படுத்தி, பவேரியாவுக்கான திருப்பீடத் தூதராக மியூனிக்குக்கு அனுப்பினார். பின்னாளில் பன்னிரண்டாம் பயஸ் என்ற பெயரில் திருத்தந்தையானவர் இவரே. ஜூன் 26 அன்று பச்செல்லி பெர்லினில் ஜெர்மன் பிரதமர் பெத்மான் ஹோல்வெக்கைச் சந்தித்தார். இரு தரப்பும் குறைத்தால் ஜெர்மனியும் ஆயுதங்களைக் குறைக்கும், ஜெர்மனி பிடித்துவைத்திருந்த பெல்ஜியம், பிரிட்டன் அல்லது பிரான்ஸின் பிடிக்குள் போகாது என்றால் அதன் சுதந்திரத்தைத் திருப்பித் தரலாம், பிரான்ஸும் ஜெர்மனியும் உரிமை கோரிய அல்சாஸ்-லொரேன் எல்லையில்கூடச் சில மாற்றங்களைப் பேசலாம் என்றார் பெத்மான். மூன்று நாள் கழித்து க்ரொய்ட்ஸ்நாக் தலைமையகத்தில் ஜெர்மன் பேரரசர் கைசர் வில்ஹெல்மையும் பச்செல்லி சந்தித்தார்.

ரோமுக்குப் போன செய்தி நம்பிக்கை தருவதாக இருந்தது. ஆனால் ஜூலை 13 அன்று, படைத்தலைமையின் நெருக்குதலால் பெத்மான் பதவி இழந்தார். அடுத்து வந்த கெயார்க் மிகாயெலிஸ் வெளியுறவு அனுபவம் இல்லாத அதிகாரி. தளபதி லூடன்டார்ஃபின் நிழல் அவர்மீது முழுக்க விழுந்திருந்தது. வாக்குக் கொடுத்தவர் போய்விட்டார், வாக்கு யாருடையது என்பது தெரியாமல் போயிற்று. இருந்தும் குறிப்பை அனுப்புவது என்று பெனடிக்டும் அவருடைய செயலர் கர்தினால் பியெத்ரோ கஸ்பாரியும் முடிவெடுத்தார்கள். காத்திருந்தால் இருந்த வாய்ப்பும் போய்விடும் என்ற அவர்களுடைய கணிப்பு சரியானது என்றே நினைக்கிறேன்.

குறிப்பில் என்ன இருந்தது?

முந்தைய வேண்டுகோள்கள் பொதுவாகச் சமாதானம் கேட்டன. இது பேரம் பேசக்கூடிய அம்சங்களோடு வந்தது. ஆயுத பலத்தின் இடத்தில் நியாயத்தின் பலம் வர வேண்டும். எல்லா நாடுகளும் ஒரே நேரத்தில் ஆயுதங்களைக் குறைக்க வேண்டும். தகராறுகளைத் தீர்க்கப் பன்னாட்டு நடுவர் மன்றம் வேண்டும், அதன் தீர்ப்பை மீறும் நாட்டுக்குத் தண்டனை இருக்க வேண்டும். கடல்வழி எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். போர் நஷ்டஈட்டை இரு தரப்பும் கைவிட வேண்டும்.

நிலத்தைப் பற்றிப் பேசும் பகுதிதான் கூர்மையானது. ஜெர்மனி பெல்ஜியத்தைவிட்டு முழுமையாக வெளியேறி, அதன் அரசியல், இராணுவ, பொருளாதாரச் சுதந்திரத்துக்கு உறுதி தர வேண்டும். பிரெஞ்சுப் பகுதிகளையும் காலி செய்ய வேண்டும். பதிலுக்கு ஜெர்மனியின் காலனிகள் திருப்பித் தரப்பட வேண்டும். அல்சாஸ்-லொரேன், இத்தாலி-ஆஸ்திரியா எல்லை, ஆர்மீனியா, பால்கன் நாடுகள், பழைய போலந்து ஆகியவற்றை அந்தந்த மக்களின் விருப்பத்தையும் பார்த்து, விட்டுக்கொடுக்கும் மனத்தோடு பேசித் தீர்க்க வேண்டும். இந்தப் போர் நாளுக்கு நாள் பயனற்ற படுகொலையாகத் தெரிகிறது என்ற சொற்களும் அதில்தான் வருகின்றன. பல அரசுகளுக்குச் சினமூட்டியவை அந்தச் சொற்களே.

காலனி மக்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆப்பிரிக்க நிலங்கள் ஐரோப்பியர் கையிலிருந்து ஐரோப்பியர் கைக்கு மாறுவதைப் பற்றி மட்டுமே குறிப்பு பேசுகிறது. இது அதன் குறை.

அரசுகள் என்ன பதில் சொன்னன?

வில்சனின் பதில் ஆகஸ்ட் 27 தேதியிட்டது, வெளியுறவுச் செயலர் லான்சிங் கையெழுத்திட்டது. ஜெர்மனியின் இன்றைய ஆட்சியாளர்களின் வாக்கை நம்பி நிலையான சமாதானம் செய்ய முடியாது என்பது அதன் சாரம். ஜெர்மனிக்கு எதிராகப் போரிட்ட நேச நாடுகள் பலவும் அதையே தங்கள் பதிலாகவும் வைத்துக்கொண்டன. பிரான்ஸும் இத்தாலியும் முறையான பதிலே தரவில்லை. டிசம்பரில் பாரிஸின் மத்லேன் ஆலயத்தில் அருட்தந்தை செர்த்தியாஞ், உங்கள் சமாதான அழைப்புகளை இப்போதைக்கு ஏற்க முடியாது என்று திருத்தந்தையை விளித்தே மறையுரை ஆற்றினார். பாரிஸின் கர்தினால் அதைக் கேட்டபடி அமர்ந்திருந்தார். தம் சொந்த மந்தையே தம்மோடு இல்லை என்பதைப் பெனடிக்ட் அன்று அறிந்திருப்பார். ஆஸ்திரியப் பேரரசர் கார்ல் மட்டும் கனிவாகப் பதில் எழுதினார்.

எல்லாம் எங்கே உடைந்தது?

பெல்ஜியத்தில். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஆகஸ்ட் 23 அன்று பிரிட்டனின் தூதர் டி சாலிஸ் கர்தினால் கஸ்பாரியிடம் லண்டனின் கருத்தைத் தெரிவித்தார். பெல்ஜியத்தின் முழுச் சுதந்திரத்தை மீட்டுத் தந்து, செய்த சேதத்துக்கு ஈடு கொடுப்போம் என்று எந்த ஆவணத்திலும் ஜெர்மனி சொல்லவில்லையே என்பது அதன் உட்பொருள். கதவு முழுதாக மூடவில்லை என்பதைக் கஸ்பாரி உடனே கண்டுகொண்டார். பிரிட்டன் கேட்பது ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தைப் பெர்லினிலிருந்து வாங்கிவிட்டால் பேச்சு தொடங்கும்.

ஆகஸ்ட் 30 அன்று பச்செல்லி பிரதமர் மிகாயெலிஸுக்கு எழுதினார். பெல்ஜியம் பற்றி ஜெர்மனியின் நோக்கம் என்ன என்பதைத் திட்டவட்டமாகச் சொல்லுங்கள், தெளிவான பதில் பேச்சுவார்த்தைக்குப் பெரிதும் உதவும் என்பது கடிதத்தின் செய்தி. பிரிட்டனின் கருத்தையும் இணைத்திருந்தார்.

செப்டம்பர் 11 அன்று பெர்லினில் கைசர் தலைமையில் ஆலோசனைக் கூட்டம் நடந்தது. கடற்படைக்குப் பெல்ஜியத்தின் ஃப்ளாண்டர்ஸ் கடற்கரை வேண்டும். லூடன்டார்ஃபுக்கு லியேஜ் கோட்டை நகரம் வேண்டும். வெளியுறவு அமைச்சர் ரிச்சர்ட் ஃபொன் கூல்மன், பெல்ஜியத்தை விட்டுத்தர வேண்டியிருக்கும் என்பதை உணர்ந்தவர். ஆனால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் கையிலிருக்கும் துருப்புச்சீட்டு போய்விடும் என்று நினைத்தார். அதைத் தனக்குப் பிடித்த வேறொரு வழியில், ஸ்பெயின் மூலமாக, இரகசியமாகப் பிரிட்டனிடம் விலைபேசப் பார்த்தார். கடற்கரை ஆசையைக் கைசர் விடச் சம்மதித்தும், உலகத்துக்கு எதுவும் அறிவிக்கப்படவில்லை.

ஜெர்மனியின் பொதுப் பதில் செப்டம்பர் 19 தேதியிட்டு வந்தது. திருத்தந்தையின் நல்ல மனத்துக்குப் புகழ்ச்சி நிறைய இருந்தது, பெல்ஜியம் என்ற பெயர் இல்லை. பச்செல்லிக்கு மிகாயெலிஸ் எழுதிய தனிப் பதில் செப்டம்பர் 24 தேதியிட்டது. அதுவும் பிடிகொடுக்காமல், சில நிபந்தனைகள் தெளிவாக வேண்டும் என்று நழுவியது. கூல்மனின் ஸ்பெயின் வழியும் எங்கும் போய்ச் சேரவில்லை.

அந்த வாரங்களில் பெல்ஜிய மண்ணிலேயே பாஷென்டேல் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஜூலை 31 அன்று, குறிப்பின் தேதிக்கு முந்தைய நாள், தொடங்கி நவம்பர் வரை நீண்டது. சேற்றில் இரு தரப்பிலும் லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள், காயமுற்றார்கள். விட்டுத்தர வேண்டியிருக்கும் என்று உள்ளுக்குள் ஒப்புக்கொண்ட நிலத்துக்காக அவர்களைச் சாகவிட்டதை என்னால் இராஜதந்திரம் என்று அழைக்க முடியவில்லை.

இந்தக் கடிதங்கள் போர் முடிந்த பிறகே வெளியே வந்தன. 1919 ஜூலையில் வைமர் தேசிய சபையில் எர்ஸ்பெர்கர் அவற்றை வெளியிட்டபோது ஜெர்மனியில் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதற்காக ஏற்கெனவே வெறுக்கப்பட்ட அவரை 1921இல் தீவிர தேசியவாதிகள் சுட்டுக் கொன்றார்கள்.

அப்படியென்றால் பழி முழுவதும் ஜெர்மனிக்கா?

இல்லை. நேச நாடுகளும் திருத்தந்தையை உள்ளே விடக் கூடாது என்று முன்கூட்டியே கையெழுத்திட்டிருந்தன. 1915 ஏப்ரல் 26 அன்று லண்டனில் இரகசியமாகச் செய்த ஒப்பந்தத்தின் மூலம் இத்தாலி போரில் இறங்கியது. அதன் 15ஆம் பிரிவின்படி, சமாதானப் பேச்சில் திருப்பீடத்தின் பிரதிநிதியைச் சேர்க்கும் எந்த யோசனையையும் இத்தாலி எதிர்த்தால், பிரிட்டனும் பிரான்ஸும் ரஷ்யாவும் அதற்குத் துணைநிற்க வேண்டும். ரோம் நகர் விவகாரம் பன்னாட்டு மேசைக்கு வந்துவிடுமோ என்ற அச்சமே இத்தாலியை அப்படிக் கேட்கவைத்தது. 1917 நவம்பரில் ரஷ்யாவில் ஆட்சியைப் பிடித்த போல்ஷ்விக்குகள் இரகசிய ஒப்பந்தங்களை வெளியிட்டபோதுதான் பொதுமக்களுக்கு இது தெரிந்தது.

பிரிட்டன் கஸ்பாரிக்குத் தந்த பதிலில் பிரான்ஸ் முதலில் சேர்ந்துகொண்டு பிறகு பின்வாங்கியது. ஜெர்மனி நல்ல பதில் தந்திருந்தாலும் பாரிஸிலும் ரோமிலும் தடைகள் காத்திருந்தன. ஆனாலும் அந்த வாக்கியம் எழுதப்பட்டிருந்தால், போரைத் தொடர்வதற்கான காரணத்தைப் பிரிட்டன் தன் மக்களுக்கு விளக்க வேண்டி வந்திருக்கும்.

அவர் ஜெர்மனி பக்கம் சாய்ந்தவர் என்கிறார்களே?

பிரான்ஸில் அரசியல் தலைவர் கிளெமென்சோ அவரை ஜெர்மானியத் திருத்தந்தை என்று இகழ்ந்ததாகச் சொல்வார்கள். ஜெர்மனியில் லூடன்டார்ஃப் அவரைப் பிரெஞ்சுத் திருத்தந்தை என்றாராம். ஒருவரே இரண்டுமாக இருக்க முடியாது.

சந்தேகத்துக்குக் காரணமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அவருடைய இல்லத்தில் பணிபுரிந்த பவேரியக் குரு ருடால்ஃப் கெர்லாக், உளவு பார்த்ததாக 1917இல் இத்தாலிய இராணுவ நீதிமன்றத்தால், அவர் நாட்டைவிட்டுப் போன பிறகு, தண்டிக்கப்பட்டார். அது திருப்பீடத்தின் பெயரைக் கெடுத்தது. பெல்ஜியத்தின் மீதான படையெடுப்பைப் பெனடிக்ட் இன்னும் வெளிப்படையாக, பெயர் சொல்லிக் கண்டித்திருக்க வேண்டும் என்று அந்நாட்டு மக்கள் எதிர்பார்த்தார்கள். அந்த ஏமாற்றம் நியாயமானது. நடுவராக இருக்க விரும்புகிறவர் பேச்சை அளந்து பேசுகிறார், அதன் விலையைப் பாதிக்கப்பட்டவர்கள் கொடுக்கிறார்கள். இதற்கு எளிய விடை எனக்குத் தெரிந்து இல்லை.

கப்போரெத்தோ தோல்விக்கு அவருடைய சொற்களா காரணம்?

1917 அக்டோபர் 24 அன்று கப்போரெத்தோவில் இத்தாலியப் படை சிதறியபோது, பயனற்ற படுகொலை என்ற சொற்கள் வீரர்களின் மனத்தைக் கெடுத்துவிட்டன என்று சிலர் குற்றம் சாட்டினார்கள். அது இராணுவத் தோல்வி. ஜெர்மன், ஆஸ்திரியப் படைகளின் புதிய தாக்குதல் முறையும், நச்சுப்புகையும், இத்தாலியத் தலைமையின் தவறுகளும் அதற்குப் போதுமான காரணங்கள்.

இந்தியாவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

போர் நம் கரையையும் தொட்டது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போருக்குப் போனார்கள். ஆனால் திருத்தந்தையின் குறிப்பு பற்றி இந்தியாவின் கருத்தை யாரும் கேட்கவில்லை, லண்டனே அதற்கும் சேர்த்துப் பேசியது. 1919இல் பாரிஸ் சமாதான மாநாட்டில், அடிமை நாடாக இருந்தும், இந்தியாவின் பெயருக்கு இடம் கிடைத்தது. பீகானேர் மகாராஜா கங்கா சிங் வெர்சாய் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். திருப்பீடத்துக்கு அந்த மேசையில் இடமே கிடைக்கவில்லை.

போருக்குப் பிறகு அவருக்கு என்ன ஆயிற்று?

மாநாட்டுக்கு வெளியே நின்றபடியே வேலை செய்தார். 1919இல் பாரிஸுக்குப் போன அவருடைய பிரதிநிதி செரெத்தி, இத்தாலியப் பிரதமர் ஓர்லாந்தோவைச் சந்தித்து ரோம் விவகாரம் பற்றிப் பேசினார். பிரான்ஸோடு அறுந்த உறவு 1921இல் புதுப்பிக்கப்பட்டது. 1920இல் எழுதிய சுற்றுமடலில், பகையை வளரவிடும் உடன்படிக்கை நிலைக்காது என்று எச்சரித்தார். 1922 ஜனவரி 22 அன்று இறந்தார். அதற்குச் சற்று முன்பே இஸ்தான்புல்லின் தூய ஆவி பேராலய முற்றத்தில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டிருந்தது. மதமும் நாடும் பாராமல் எல்லா மக்களுக்கும் உதவியவர் என்று அதன் பீடத்தில் பொறித்திருக்கிறார்கள்.

திருப்பீடத்தின் நடுவர் முயற்சி எப்போதாவது வென்றிருக்கிறதா?

வென்றிருக்கிறது, ஆனால் வேறு விதமாக. 1929இல் இத்தாலியோடு செய்த லாத்தரன் உடன்படிக்கையின் 24ஆம் பிரிவில், நாடுகளின் தகராறுகளில் திருப்பீடம் தலையிடாது, சம்பந்தப்பட்ட தரப்புகள் சேர்ந்து கேட்டுக்கொண்டால் மட்டுமே சமாதானப் பணி செய்யும் என்று எழுதப்பட்டது. 1917இன் காயம் அந்த வரியில் இருப்பதாக நான் வாசிக்கிறேன்.

1978 டிசம்பரில் தென் அமெரிக்காவின் தென்முனையில் உள்ள பீகிள் கால்வாயின் தீவுகளுக்காக அர்ஜென்டினாவும் சிலியும் போரின் விளிம்புக்கு வந்தன. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், கர்தினால் அந்தோனியோ சமோரேயை அனுப்பினார். 1979 ஜனவரி 8 அன்று மோன்டேவிடேயோவில் இரு அரசுகளும் நடுவராக வரும்படி திருப்பீடத்தை முறையாகக் கேட்டன. படைபலத்தைப் பயன்படுத்த மாட்டோம் என்றும் எழுதிக் கையெழுத்திட்டன. அதன் பிறகும் ஆறு ஆண்டுகள் ஆயின. இழுபறிகள் வந்தன, அர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சி வீழ்ந்தது, 1983இல் சமோரேயும் இறந்துவிட்டார். 1984 நவம்பரில் அர்ஜென்டினா மக்கள் பொதுவாக்கெடுப்பில் பெருவாரியாக ஒப்புதல் தந்தார்கள். நவம்பர் 29 அன்று இரு நாடுகளும் வத்திக்கானில் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அந்தத் தீவுகளுக்காகப் போர் நடக்கவே இல்லை.